டெல்கோவைக் கழற்றிய பிறகு: 20 வால்வு எஞ்சினுக்குக் கிராங்க், கேம் சென்சார் பொருத்தும் முழு வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில் பழைய கொரோலா டிஎக்ஸ் வைத்திருக்கும் பையன்கள் என் பட்டறைக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். பாதியாக வெட்டி இறக்கிய பழைய காடிகளை விற்கும் ஈப்போ ஹாஃப்கட் கடையில் டொயோட்டாவின் 20 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சினை வாங்கியிருப்பார்கள். முன்சக்கரம் இழுக்கும் காடிக்காகக் குறுக்குவாட்டில் படுத்த எஞ்சின் அது. டிஎக்ஸில் அதை நீளவாட்டில் உட்கார வைத்தால், ஹெட்டின் பின்பக்கம் இருக்கும் டெல்கோ (பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) நேராகப் போய், எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில் முட்டும். சிலர் சுத்தியல் எடுத்து ஃபயர்வாலைக் குழித்துவிடுவார்கள். சிலர் வெட்டிப் பெட்டி போல வெல்டிங் வைப்பார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்காது. டெல்கோவையே கழற்றிவிட்டு, கிராங்கில் ஒரு பல்சக்கரம், கேமில் ஒரு தகடு, இரண்டு சென்சார், எஞ்சினை ஓட்டும் கணினியான தனி ஈசியு, பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் நாலு கோயில் (இக்னிஷன் காயில்) என்று போய்விடுவது எவ்வளவோ மேல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எல்லாரும் வயரிங் வேலை என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். வயரிங் ஒரு சாயந்திரத்தில் முடியும். மீதி நாள் முழுக்க லேத்து, அரம், ஃபீலர் கேஜ்தான். சக்கரம் கோணினாலும், பிராக்கெட் ஆடினாலும், டிடிசி (பிஸ்டன் மேல்முனையைத் தொடும் இடம்) இரண்டு டிகிரி தப்பினாலும் எந்த விலையுயர்ந்த ஈசியுவும் உங்களைக் காப்பாற்றாது.

எதற்கு இரண்டு சென்சார்

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் இரண்டு முறை சுற்றினால் வால்வைத் திறக்கும் கேம் ஒரு முறை சுற்றும். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதைக் கிராங்க் சென்சார் சொல்லிவிடும். ஆனால் மேலே வந்த அந்த பிஸ்டன் கம்ப்ரஷனில் வந்திருக்கிறதா, எக்ஸாஸ்டில் வந்திருக்கிறதா என்பது கிராங்குக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் கேம் சென்சார். கிராங்க் சென்சார் மட்டும் இருந்தால் வேஸ்டட் ஸ்பார்க் ஓட்டலாம்: 1-4 ஜோடிக்கு ஒன்றாகவும் 2-3 ஜோடிக்கு ஒன்றாகவும் பொறி விழும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, வரிசைப்படி பெட்ரோலும் பொறியும் வேண்டுமென்றால் கேம் சென்சார் இல்லாமல் முடியாது.

பழைய டெல்கோவுக்குள்ளும் சென்சார் உண்டு. 24 பல், ஆனால் கேம் வேகத்தில் சுற்றுகிறது. கிராங்கின் ஒரு சுற்றுக்கு 12 துடிப்பு, அதாவது 30 டிகிரிக்கு ஒன்று. அதோடு டைமிங் பெல்ட்டின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். 36-1 சக்கரத்தை நேராகக் கிராங்கில் மாட்டினால் 10 டிகிரிக்கு ஒரு பல், நடுவில் பெல்ட்டும் இல்லை. பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் புல்லியின் கோடு அப்படியே உறைந்து நிற்கும்.

சென்சார் தேர்வு: ஆலை சென்சார் கதை

சென்சாரில் இரண்டு ஜாதி. விஆர் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள். இரண்டு வயர், கரண்ட் கொடுக்கத் தேவையில்லை, சூட்டைத் தாங்கும். ஆனால் அதன் வோல்டேஜ் வேகத்தைப் பொறுத்தது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒரு வோல்ட்கூட வராமல் இருக்கலாம், உச்ச வேகத்தில் பல பத்து வோல்ட் வரும். ஹால் சென்சாருக்கு மூன்று வயர்: சப்ளை, கிரவுண்ட், சிக்னல். மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் ஒரே அளவு சதுர அலை. புதிதாகச் செய்பவர்களுக்கு நான் ஹால்தான் சொல்வேன். சண்டை குறைவு.

அதற்காக மூன்று வயர் உள்ளதெல்லாம் உதவாது. என் தங்கை மகன் ஒரு செம்பனை ஆலையில் மின்பிரிவில் இருக்கிறான். கன்வேயர் தண்டு சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று பார்க்க ஆலையில் பிராக்சிமிட்டி சென்சார் வைப்பார்கள். மரையுள்ள உருண்டை உடல், இரண்டு நட், பின்னால் சின்ன விளக்கு, மாட்ட அவ்வளவு சுலபம். அதே மாதிரி ஒன்றைக் கடையில் வாங்கி டிஎக்ஸில் மாட்டிவிட்டான். எஞ்சின் முதல் தட்டிலேயே ஸ்டார்ட் ஆனது. அரைமணி கழித்து போன். "மாமா, ஐடிலிங் சூப்பரா இருக்கு. கால வச்சா 1700லயே செத்துப் போகுது."

பெட்ரோல் பம்பு, இன்ஜெக்டர், கோயில் என்று இரண்டு நாள் தேடினோம். கடைசியில் சென்சாரின் விவரத்தாளைப் படித்தபோதுதான் சிரிப்பு வந்தது. அது விநாடிக்கு 1000 முறைக்கு மேல் திறந்து மூடாது. 1000ஐ 36ஆல் வகுத்து 60ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1667 ஆர்பிஎம். கன்வேயருக்கு அது தாராளம். 8000 ஆர்பிஎம் போகும் எஞ்சினில் 36 சக்கரம் விநாடிக்கு 4800 துடிப்பு கொடுக்கும், 60-2 சக்கரம் என்றால் 8000. ஆகவே கியர்பல் படிக்க என்றே செய்த, 10 கிலோஹெர்ட்ஸோ அதற்கு மேலோ தாங்கும் ஹால் சென்சாரை வாங்குங்கள். ஏதாவது ஒரு காடியின் அசல் கிராங்க் சென்சாரும் நல்லதுதான், பிளக்கோடு சேர்த்து வாங்கினால்.

சக்கரம்

36-1 என்றால் 36 பல்லுக்கு இடம், அதில் ஒன்று இல்லை. அந்த ஓட்டைப்பல்தான் ஈசியுவுக்கு அடையாளம். 60-2வும் நல்ல சக்கரம்தான், ஆனால் சின்ன விட்டத்தில் பல் மெலிந்துவிடும். கணக்கு இதோ: 150 மி.மீ. விட்டச் சக்கரத்தின் சுற்றளவு 471 மி.மீ. 36ஆல் வகுத்தால் ஒரு பல்லும் ஒரு பள்ளமும் சேர்ந்து 13 மி.மீ., ஆக பல் ஆறரை, பள்ளம் ஆறரை. 60ஆல் வகுத்தால் பல் 4 மி.மீ.க்கும் கீழே போகிறது. ஹால் சென்சாருக்குப் பல்லின் அகலம், உயரம் எவ்வளவு வேண்டும் என்று அதன் தாளிலேயே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சக்கரத்தை வரையுங்கள், சக்கரத்தை வெட்டிய பிறகு தாளைத் தேடாதீர்கள்.

சாதாரண மைல்ட் ஸ்டீல், 5 அல்லது 6 மி.மீ. தடிப்பு. ஸ்டெயின்லெஸ் வேண்டாம். பளபளவென்று இருக்கிறதே என்று 304இல் வெட்டிக்கொண்டு வந்த ஒருவர் இருக்கிறார், அதில் காந்தமே சரியாக ஒட்டாது, சென்சாருக்கு அது காற்று மாதிரி. லேசர் வெட்டும் கடையில் வரைபடம் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். நடுத்துளையை மட்டும் ஒரு மி.மீ. சின்னதாக வெட்டச் சொல்லி, பிறகு லேத்தில் சரியான அளவுக்குக் கடையுங்கள்.

இப்போது மிக முக்கியமான இடம். கிராங்க் புல்லியை எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையே ரப்பர். கிராங்கின் அதிர்வை அந்த ரப்பர் குடிக்கிறது. வெளி வளையத்தில் சக்கரத்தை மாட்டுவது சுலபம், இடமும் நிறைய. செய்யவே செய்யாதீர்கள். முப்பது வருடப் பழைய ரப்பர் என்றைக்காவது நழுவும். வளையம் நாலு டிகிரி திரும்பினால் உங்கள் டைமிங்கும் நாலு டிகிரி திரும்பும். யாருக்கும் தெரியாது, பிஸ்டன் உடையும்வரை. சக்கரம் நடுக்குடத்தில்தான் உட்கார வேண்டும்.

புல்லியின் முகத்தில் 2 மி.மீ. படி ஒன்றை லேத்தில் கடைந்து, சக்கரத்தின் நடுத்துளை அதன்மேல் கையால் அழுத்தி ஏறும் அளவுக்கு வையுங்கள். மையப்படுத்துவது படியின் வேலை, பிடித்து வைப்பது மட்டும்தான் போல்ட்டின் வேலை. போல்ட்டை மட்டும் நம்பினால் துளையின் இடைவெளி அளவுக்குச் சக்கரம் ஒருபக்கம் தள்ளும். போல்ட்டுக்கு, மரை கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை. கூடவே, ஒரே நிலையில் மட்டும் மாட்டவிடும் டவல் பின் ஒன்று: அடுத்த முறை பெல்ட் மாற்றும் போமென் (மெக்கானிக்) சக்கரத்தைக் கழற்றி வேறு துளைக்குத் திருப்பி மாட்டிவிடக் கூடாது. மாட்டிய பிறகு டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். 0.1 மி.மீ.க்குள் ஆடினால் நல்லது. அதற்கு மேல் என்றால் திரும்ப லேத்துக்கு.

பிராக்கெட்

சென்சார் எஞ்சினோடுதான் இருக்க வேண்டும், சேசியோடு அல்ல. மவுண்டிங்கில் எஞ்சின் ஆடும், சேசி ஆடாது. ஆயில் பம்பு, ஆல்டர்னேட்டர் பிராக்கெட் பக்கத்து போல்ட்டுகளில் நீளமான போல்ட் போட்டு, குறைந்தது இரண்டு இடத்தில் பிடியுங்கள். அலுமினிய மரை என்பதால் அளவோடு முறுக்குங்கள்.

8 மி.மீ. அலுமினியத் தகடு எனக்குப் பிடித்தது. 3 மி.மீ. தகட்டை எல் வடிவில் வளைத்து மாட்டினால் கைக்குக் கெட்டியாகத்தான் தெரியும். ஏதோ ஒரு வேகத்தில், அந்த வேகத்தில் மட்டும், தகடு தன் இஷ்டத்துக்குப் பாட ஆரம்பிக்கும். 6000க்குக் கீழேயும் சரி, மேலேயும் சரி, 6000 பக்கத்தில் மட்டும் சின்க் போகிறது (ஈசியு பல் கணக்கைத் தவறவிடுகிறது) என்று யாராவது சொன்னால், லேப்டாப்பைத் திறக்கும் முன் பிராக்கெட்டைத்தான் பார்ப்பேன். ஸ்குருடிரைவரால் நெம்பினாலும் சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி மாறக் கூடாது.

இடைவெளி விஆர் சென்சாருக்குப் பொதுவாக 0.5 முதல் 1 மி.மீ., ஹாலுக்கு 1 மி.மீ. சுற்றுவட்டாரம். உங்கள் சென்சாரின் தாள் வேறு சொன்னால் தாள் சொல்வதைக் கேளுங்கள். ஒரே பல்லில் அளந்துவிட்டு நிறுத்தாமல் சக்கரம் முழுவதும் சுற்றி அளக்க வேண்டும்.

உண்மையான டிடிசி

புல்லியில் இருக்கும் பழைய கோட்டை நம்பாதீர்கள். நழுவும் ரப்பர் பற்றி இப்போதுதான் பேசினோம். பிளக் துளையில் குச்சி விட்டு, மேலே வந்துவிட்டது என்று கண்ணால் பார்ப்பதும் பிரயோஜனமில்லை. 77 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இந்த எஞ்சினில், மேல்முனையிலிருந்து கிராங்க் 5 டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் ஏறக்குறைய 0.2 மி.மீ.தான் இறங்குகிறது. குச்சியில் அது தெரியவே தெரியாது.

பிஸ்டன் ஸ்டாப்பர் செய்யுங்கள். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்து, முனை உருட்டிய போல்ட் ஒன்றை அதில் வெல்டிங் வைத்தால் போதும். எல்லா பிளக்கையும் கழற்றி, இதை ஒன்றாம் சிலிண்டரில் மாட்டுங்கள். ஸ்பேனரால் கிராங்கைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள், பிஸ்டன் போல்ட்டில் தட்டி நிற்கும். ஸ்டார்ட்டரைத் தொட்டுவிடாதீர்கள். டிகிரி சக்கரத்தில் அந்த அளவைக் குறியுங்கள். எதிர்ப்பக்கம் திருப்புங்கள், மறுபடி தட்டும், அதையும் குறியுங்கள். இரண்டுக்கும் சரியான நடுதான் டிடிசி. மூன்று முறை செய்து மூன்று முறையும் ஒரே இடம் வந்தால் புல்லியில் உளியால் கோடு போட்டு, டைமிங் கவரில் ஒரு முள் வையுங்கள். பெயின்ட் கோடு நிற்காது.

ஓட்டைப்பல் எங்கே வரவேண்டும்

ஸ்டார்ட்டர் சுற்றும்போது கிராங்க் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே ஏறும்போது திணறும், தாண்டியதும் துள்ளும். ஈசியு ஓட்டைப்பல்லை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இரண்டு துடிப்புக்கு நடுவே வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஆனால், அதுதான் ஓட்டை. டிடிசிக்குப் பக்கத்தில் ஓட்டையை வைத்தால் திணறலும் ஓட்டையும் குழம்பிப்போகும். நாலு சிலிண்டருக்கு 180 டிகிரிக்கு ஒரு டிடிசி. இரண்டுக்கும் நடு 90. ஃபோர்டின் பழைய இடிஸ் பொறி அமைப்பில் நாலு சிலிண்டருக்கு வைத்த இடமும் இந்த 90தான்.

செய்வது எப்படி: ஒன்றாம் பிஸ்டனை டிடிசியில் நிறுத்துங்கள். எஞ்சினை முன்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். சென்சாரை ஏற்கனவே கடந்துபோன ஓட்டைக்கு அடுத்த பல் ஒன்று, அதற்கடுத்தது இரண்டு என்று எண்ணுங்கள். ஒன்பதாம் பல்லின் நடு, சென்சாரின் நடுவுக்கு நேராக வரவேண்டும். அப்படி வந்தால் ஓட்டை 90 டிகிரி முன்பாகவும், ஒன்றாம் பல் 80 டிகிரி முன்பாகவும் கடந்திருக்கிறது.

ஈசியுவில் என்ன எண் போடுவது என்பதில்தான் பலர் விழுகிறார்கள். ஒரு ஈசியு "ஒன்றாம் பல் டிடிசிக்கு எத்தனை டிகிரி முன்பு" என்று கேட்கும், அங்கே 80. இன்னொன்று "எத்தனை டிகிரி பின்பு" என்று கேட்கும், அங்கே 280. வேறொன்று பல் எண்ணிக்கையையே கேட்கும். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள். பல்லின் நடுவா விளிம்பா என்பதில் இரண்டரை டிகிரி வித்தியாசம் வரும், அதைக் கடைசியில் விளக்கு திருத்தும்.

கேம் சென்சார்

20 வால்வில் விவிடி (ஓடும்போதே வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) இன்டேக் கேமை 30 கிராங்க் டிகிரி வரை நகர்த்தும். அடையாளம் நகராத இடத்தில் இருக்க வேண்டும், எனவே எக்ஸாஸ்ட் கேம். பின்முனையில் ஒரு தகட்டை போல்ட் பண்ணி, துளையை மூட அலுமினிய மூடி ஒன்றை லேத்தில் கடைந்து, ஓ-ரிங் போட்டு, அதில் சென்சாருக்கு மரை வெட்டுங்கள். உள்ளே எண்ணெய் தெறிக்கும், ஓ-ரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். ஃபயர்வாலுக்கும் மூடிக்கும் விரல் போகும் இடமாவது இருக்கிறதா என்று எஞ்சினை ஏற்றும் முன்பே அளந்துவிடுங்கள்.

தகடு எப்படி? ஒற்றைப் பல் வைக்கலாம், நிறையப் பேர் அதைத்தான் வைக்கிறார்கள். நான் அரைவட்டம் வைப்பேன். கேமின் பாதிச் சுற்றுக்கு இரும்பு, பாதிச் சுற்றுக்கு வெறுமை. ஓட்டைப்பல் கடக்கும் நேரத்தில் கேம் சிக்னல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று ஈசியு ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும். ஓட்டை கடக்கும் நேரம் அரைவட்டத்தின் நடுப்பகுதியில் வருமாறு வைத்தால், பெல்ட் கொஞ்சம் நீண்டாலும் கவலை இல்லை. ஸ்பீடுவினோ, மெகாஸ்குவிர்ட் ஈசியு இரண்டிலும் இந்த முறை உண்டு. இதற்கு விஆர் சென்சார் ஆகாது. ஹாலிலும், சுற்றாமல் நிற்கும்போதே இரும்பைக் கண்டுகொள்ளும் வகையாக இருக்க வேண்டும்.

ஒற்றைப் பல் வைத்தால், அது சென்சாரைக் கடக்கும் நேரம் ஓட்டைப்பல்லுக்கு அருகில் வரவே கூடாது. நாலைந்து பல்லாவது தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் பெல்ட் ஆட்டத்தில் இன்றைக்கு முன்னால், நாளைக்குப் பின்னால் என்று மாறும்.

வயரிங்

முறுக்கிய வயர், மேலே ஷீல்டு. ஷீல்டை ஈசியு பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள், சென்சார் பக்கம் வெட்டி மூடிவிடுங்கள். இரண்டு பக்கமும் பிடித்தால் ஷீல்டிலேயே கரண்ட் ஓடும். சென்சாரின் கிரவுண்டும் ஈசியுவிலிருந்துதான் வர வேண்டும், பிளாக்கிலிருந்து அல்ல. கோயில், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் வயர்களோடு ஒரே கட்டில் ஓட்டாதீர்கள்.

ஹாலின் சிக்னல் வயர் பெரும்பாலும் கீழே இழுக்க மட்டும் தெரிந்தது. மேலே இழுக்க 5 வோல்ட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் வேண்டும், 1 கிலோஓம் போதும். பல ஈசியுக்களில் உள்ளேயே இருக்கும், ஜம்பர் போடவேண்டி வரலாம். விஆர் என்றால் இரண்டு வயரில் எது எது என்பது முக்கியம். சரியாக மாட்டினால் பல்லின் நடுவில் அலை செங்குத்தாகச் சுழியத்தை வெட்டும். மாற்றி மாட்டினாலும் எஞ்சின் ஓடும், ஆனால் வேகம் ஏற ஏற டைமிங் நகரும். ரெசிஸ்டர் பிளக்தான் போட வேண்டும், என்ஜிகே எண்ணில் ஆர் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள்.

முதல் சுற்று

பெட்ரோல் பம்பு ஃபியூஸைப் பிடுங்குங்கள். கோயில் பிளக்கையும் கழற்றுங்கள். நாலு ஸ்பார்க் பிளக்கும் வெளியே. இப்போது ஸ்டார்ட்டரை அடித்துவிட்டு லேப்டாப்பில், இரண்டு துடிப்புக்கு நடுவே ஆகும் நேரத்தைக் கம்பியாகக் காட்டும் டூத் லாகரைப் பாருங்கள். 34 சம உயரக் கம்பிகளும் நடுவில் ஒரு நெட்டைக் கம்பியும் தெரிய வேண்டும். நெட்டை இரண்டாகத் தெரிந்தால் எங்கோ ஒரு பல் விடுபடுகிறது, இடைவெளியைப் பாருங்கள். குட்டைக் கம்பி முளைத்தால் இரைச்சல், ஷீல்டைப் பாருங்கள். இதில் சுத்தமாக வந்த பிறகு ஸ்பார்க் பிளக்கைப் போட்டு, கம்ப்ரஷனோடு திரும்பப் பாருங்கள். உண்மையான பரீட்சை அதுதான்.

கேம் சென்சாரை மாட்டியிருந்தாலும் முதல் ஸ்டார்ட்டை வேஸ்டட் ஸ்பார்க்கில் செய்யுங்கள். கேம் கணக்கு 360 டிகிரி தப்பியிருந்தால், சீக்வென்ஷியலில் (சிலிண்டருக்குத் தனித்தனியாகப் பொறி விழும் முறையில்) பொறி எக்ஸாஸ்ட் முடிவில் விழும், நாலு திராட்டில் வழியாகவும் நெருப்பு துப்பும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஓடியதும் ஈசியுவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டுங்கள். டொயோட்டா வியோஸ் காடியில் இருப்பதுபோல் பிளக் மேலேயே உட்காரும் கோயில் என்றால் விளக்கின் கிளிப்பைக் கவ்வ வயர் இருக்காது. ஒன்றாம் கோயிலைத் தூக்கி, நடுவே ஒரு பழைய பிளக் கேபிளைப் போட்டுக் கவ்வுங்கள். டிகிரி திருகும் குமிழ் உள்ள விளக்கு வேஸ்டட் ஸ்பார்க்கில் இரட்டிப்பாகக் காட்டக்கூடும், குமிழைச் சுழியத்தில் வைத்து, புல்லியில் நீங்களே போட்ட 10 டிகிரிக் கோட்டைப் பாருங்கள். விளக்கில் 12 தெரிந்தால் ஈசியுவின் கோணத்தை இரண்டு டிகிரி திருத்துங்கள். இப்போது 4000 வரை ஏற்றிப் பிடியுங்கள். கோடு அசையக் கூடாது. அசைந்தால் கோணத்தில் கைவைக்காதீர்கள்: விஆர் வயர் மாறியிருக்கலாம், அல்லது சிக்னல் தாமதமாக வருகிறது. 8000 ஆர்பிஎம்மில் ஒரு டிகிரி என்பது 21 மைக்ரோ விநாடிதான். சிக்னல் தாமதத்தைத் திருத்த ஈசியுவில் தனி இடம் உண்டு.

கோடு நின்ற பிறகுதான் பூட்டைத் திறந்து, கேமை இயக்கி, டியூனிங்குக்குக் கொண்டுபோக வேண்டும். எஞ்சின் எண் மாறியிருப்பதால் புஸ்பகோம் வாகனச் சோதனையும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவும் பாக்கி இருந்தால் அதையும் முடித்துக்கொள்ளுங்கள். ரோட்டில் நிறுத்திக் கேட்கும்போது பல்சக்கரக் கதை உதவாது.

நம் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓடாத காடி இல்லை. கல் தெறித்தால் ஒரு பல் வளையும், அன்றைக்கே எஞ்சின் நிற்கும். சக்கரத்துக்குக் கீழே தகடு ஒன்று வையுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் இடைவெளியையும் போல்ட்டையும் திரும்பப் பாருங்கள். விஆர் முனையில் காந்தம் இழுத்த இரும்புத்தூள் தாடி மாதிரித் தொங்கும், துணியால் துடைத்துவிடுங்கள். பல் எண்ணிக்கை, கோணம், இடைவெளி, வயர் நிறம், சென்சார் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மாற்று சென்சார் ஒன்றையும் சேர்த்து பிளாஸ்டிக் பையில் போட்டு டாஷ்போர்டுப் பெட்டியில் வையுங்கள். என் தங்கை மகன் பையில் அந்த ஆலை சென்சாரும் இன்னும் இருக்கிறது.